எல்லைக் கல்லில் ஒரு கிரீடம்

வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நகலை மரப்பட்டறைக்காரரிடம் கொடுத்து, அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்த பிறகுதான் சர்வேயர் அந்த எல்லைக் கல்லைத் துடைத்துப் பார்த்தார். துடைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்த விதியை முப்பத்தோரு வருடமாக ஓதி வந்தவரும் அவர்தான்.

துடைத்ததுகூடக் கடமை உணர்ச்சியால் அல்ல. டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் கீழே வீசினார். அது கல்லின் மேல் விழுந்தது. அரசாங்கக் கல்லுக்கு அபிஷேகம் செய்துவிட்டோமே என்று கைக்குட்டையால் தேய்த்தார். பாசி பெயர்ந்துகொண்டு வந்தது. அதன் அடியில், ஆணியால் கீறிய ஒரு கிரீடம் தெரிந்தது. ஐந்து முனைக் கிரீடம். பக்கத்தில் ஒரு குதிரை. அது குதிரைதான் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், மற்றவர்கள் நாய் என்றுதான் சொல்வார்கள். ஏனென்றால் அதை வரைந்தவர் அவர். வரைந்தபோது அவருக்கு ஒன்பது வயது.

சர்வேயர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

இந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் அளந்திருக்கிறார். சின்ன வயதில் காட்டுக்குள் ஒரு பெரிய கல்லைக் கயிறு கட்டித் தன்னந்தனியாக இழுத்து வந்து, மேட்டின் உச்சியில் நட்டு, அதற்கு முன்னால் உடைந்த செங்கற்களை அடுக்கிச் சிம்மாசனம் செய்த கதை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் கல் பெருத்தது. கடைசியாகச் சொன்னபோது அது ஒரு பசுமாட்டின் அளவுக்கு வந்திருந்தது. அந்தக் கல் ஓர் எல்லைக் கல்லாக இருக்கலாம் என்பது மட்டும், எல்லைக் கற்களோடு வாழ்நாளைக் கழித்த அந்த மண்டையில் ஒருநாளும் உதிக்கவில்லை. ஊர் ஊராக மாற்றலாகிப் போய், போன வருடம்தான் பிறந்த ஊர் ஆபீசுக்குத் திரும்பியிருந்தார். காடு புதர் மண்டி ஆளே மாறிப்போயிருந்தது. நேற்று அந்த மேட்டில் ஏறிக் கருவியை நிறுத்தியபோது, தான் தன்னுடைய சிம்மாசனத்தை அளந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவருடன் வந்த சங்கிலிக்காரர் கிரீடத்தைக் குனிந்து பார்த்தார். இப்போதெல்லாம் யாரும் சங்கிலி பிடித்து அளப்பதில்லை, ஆனால் பதவிக்குப் பெயர் அதுவாகவே நின்றுவிட்டது. சர்வேயரின் அப்பாவும் இதே ஆபீசில் சங்கிலிக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். விஷயத்தைக் கேட்ட சங்கிலிக்காரர் கல்லை ஒரு முறையும் சர்வேயரின் கைகால்களை ஒரு முறையும் பார்த்தார்.

"இதுல பாதி மண்ணுக்குள்ள இருக்கு சார். ஒம்போது வயசுல நீங்க என்ன, பயில்வானா?"

கொஞ்சம் அப்படித்தான் என்றார் சர்வேயர்.

காட்டுக்கும் மரப்பட்டறைக்கும் நடுவில் மூன்று கற்கள். மூலையில் ஒன்று, வடக்கே ஒன்று. இரண்டும் நட்ட இடத்தில் ஆடாமல் இருந்தன. நடுவே எல்லை வளையும் இடத்தில் நிற்க வேண்டிய மூன்றாவது கல்தான் இப்போது காட்டுக்குள் புகுந்து மேட்டில் நின்றது. அது நிற்கும் இடத்தை நம்பி எல்லை போட்டதால் காட்டின் ஒரு துண்டு பட்டறைக்குள் போய்விட்டது. அந்தத் துண்டில்தான் தண்ணீர் நிற்கும் பள்ளமும் பெரிய அத்திமரமும் இருந்தன. இன்றைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூட்டம் பையை மரத்தடியில் வீசிவிட்டுப் பள்ளத்தில் குதிக்கிறது. சனிக்கிழமை பட்டறைக்காரர் வேலி போடப்போகிறார். மரக்கட்டைகளை அடுக்க அவருக்கு ஒரு கொட்டகை வேண்டும். பள்ளத்தைத் தூர்த்தால் கொட்டகைக்குக் கச்சிதமான இடம்.

அன்று செவ்வாய்க்கிழமை.

சர்வேயர் பட்டறைக்குப் போய் அசடு வழிந்து, நகலைத் திருப்பிக் கேட்டார். பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, தலையிலிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரிப்பை அடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கையெழுத்துப் போட்டது நீங்க. முத்திரை குத்தினது நீங்க. கல்லு தப்புன்னு சொல்றதும் நீங்களே. சரி, தப்பாவே இருக்கட்டும். சரியான எடத்தக் காட்டுங்க சார், நானே வேலியத் தள்ளிப் போட்டுக்கறேன். எனக்கு அடுத்தவங்க மண்ணு வேண்டாம். ஆனா சும்மா ஞாபகத்த வச்சிகிட்டு வேலி போட முடியாது பாருங்க."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வேயரே ஆயிரம் பேரிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆபீஸ் பதிவறையில் தூசி தும்மலோடு பழைய தாள்களை எடுத்துப் பார்த்தார். அளவுப் புத்தகத்தில் மூன்றாவது கல்லின் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தொடாமல், சொல்லிவைத்தாற்போல் அந்த ஒரு பக்கத்தை மட்டும். ஆனால் வேறொன்று கிடைத்தது. அந்த நிலத்துக்கு மூன்று தாள்கள் இருந்தன. ஆகப் பழைய தாளில் காடு இருந்த இடத்தில் 'மேய்ச்சல் நிலம்' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 'செங்கல் சூளை'. மூன்றாவதில் 'சூளை நின்றது, புதர்'.

அதைப் படித்துவிட்டு சர்வேயர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவருக்கு அது ராஜா காலத்துக் காடு. பள்ளம் அரண்மனைக் குளம். மேடு இடிந்த கோட்டை. மண்ணைக் கிளறினால் வந்த செங்கற்கள் எல்லாம் அந்தப்புரத்துச் சுவர். அக்காதான் அப்படிச் சொல்லியிருந்தாள், அவளுக்குப் பன்னிரண்டு வயது, தெரியாதது ஒன்றும் கிடையாது. அத்திமரத்துக்கு ஆயிரம் வயது என்றாள். இப்போது தாளில் தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டால், சூளை நின்ற பிறகு முளைத்த அந்த மரம் அவரைவிடப் பதினோரு வயது மூத்தது. அவ்வளவுதான். மண் எடுத்த பள்ளம், சுட்டு உடைந்த செங்கல்லைக் கொட்டிய மேடு. ராஜா குப்பைமேட்டில்தான் கொலுவிருந்திருக்கிறார்.

ஏமாற்றமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. தன்னோடு கூடவே வளர்ந்த காடு என்று தெரிந்ததும் அதன்மேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

புதனும் வியாழனும் சர்வேயரும் சங்கிலிக்காரரும் கடப்பாரையோடு அலைந்தார்கள். எல்லைக் கல் நடும்போது குழிக்கு அடியில் இரண்டு கை கரித்துண்டு போட்டு மூடுவது பழைய வழக்கம். கல்லை எவன் பெயர்த்துப் போனாலும் கரி மண்ணில் மக்காது. தோண்டிக் கரியைக் கண்டால் அதுதான் கல் இருந்த இடம். சர்வேயர் இதை நம்பித்தான் இறங்கினார். முதல் குழியிலேயே கரி கிடைத்தது. ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். சந்தேகத்துக்கு நாலடி தள்ளித் தோண்டினார்கள், அங்கும் கரி. பத்தடி தள்ளி, அங்கும். செங்கல் சூளை இருந்த மண்ணில் கரியைத் தேடுவது கடற்கரையில் மணலைத் தேடுவது மாதிரி என்று பதினோராவது குழியில்தான் இருவருக்கும் உறைத்தது. பட்டறையின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த பட்டறைக்காரர், கிழங்கு ஏதாவது நடுகிறீர்களா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

கடைசிக் குழியில் ஒரு முழுச் செங்கல் வந்தது. சுடுவதற்கு முன் ஈரமாக இருந்தபோது யாரோ தூக்கியதில் நாலு விரல் பதிந்திருந்தது. இந்த மாதிரிக் கற்களை அவர் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறார். ராஜாவின் கைதிகள் வைத்த அடையாளம் என்று அக்கா சொல்வாள். அப்போது அந்தக் குழிகளில் அவர் விரல்கள் உறை போட்டதுபோல் பொருந்தும். இப்போது வைத்துப் பார்த்தார், சுண்டுவிரல்கூடப் போகவில்லை. அவருடைய ஒன்பது வயது விரலுக்குப் பொருந்தியதென்றால் அதைத் தூக்கிய கைக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று யோசித்தார். பிறகு அந்தக் கல்லை மண்ணில் போட மனம் வராமல், துடைத்து, அத்திமரத்தின் வேரில் சாய்த்து வைத்தார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. கல்லை எடுத்த அன்று கூட இருந்த ஒரே சாட்சி அக்கா.

அந்தச் சாட்சியிடம் செவ்வாய்க்கிழமை மாலையே போயிருந்தார், ஒன்றும் பெயரவில்லை. அக்கா தன் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். நாள் முழுக்க வாயில் நாலைந்து குண்டூசி இருக்கும். ஊசிகளைக் கடித்துக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், கணவரைத் திட்டுவாள், ஒன்றும் விழுங்கியதில்லை. ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால், ஏன், நீ சமைத்தாயா என்பாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் கல்லை எங்கேயிருந்து எடுத்தோம் என்று செவ்வாய்க்கிழமை கேட்டதற்கு, காட்டில் கல்லுக்கா பஞ்சம் என்றாள். புதன்கிழமை கேட்டதற்கு, உன் சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது, கழற்று என்று வாங்கித் தைத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை அவர் காட்டின் படத்தையே வரைந்துகொண்டு போய் விரல் வைத்துக் காட்டச் சொன்னார். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பள்ளத்தை ரொம்பச் சின்னதாகப் போட்டிருக்கிறாய் என்று குறை சொன்னாள். மறந்துபோயிருந்தால் மறந்துவிட்டது என்று சொல்லலாமே. அதையும் சொல்லவில்லை. மூன்று நாளும் கேள்வி காதில் விழுந்ததும் அவள் கால் மட்டும் மெஷின் மிதியை வேகமாக மிதித்தது. அதைப் பார்த்துத்தான் சர்வேயருக்கு நம்பிக்கையே வந்தது. இவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மீண்டும் போனார். இந்த முறை கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, துணி வெட்டும் மேசையில் அவள் முன்னால் வைத்தார். மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கை. இடம் தெரியாத நிலையில் குற்றத்தையாவது ஒப்புக்கொண்டு வரைபடத்தை ரத்து செய்யச் சொல்லலாம். விசாரணை அது இது என்று கொஞ்ச நாள் வேலி நிற்கும். அதற்குள் ஆபீஸ் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது; நாலு வருடமும் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்திருந்தார். பள்ளத்தை மண் போட்டு மூடுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, அதுவும் தன் கையெழுத்தால்.

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தாள். 'மேற்படி கல்லை, எனது ஒன்பதாவது வயதில், வேறு எவருடைய உதவியும் இன்றி, கயிறு கட்டி, எனது சொந்த உடல் பலத்தால் இழுத்துச் சென்று' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவசரமாக வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். சர்வேயர் நினைவு தெரிந்து அவள் ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை.

சிரித்து ஓய்ந்ததும் தாளைத் தட்டினாள்.

"இத நெஜமாவே குடுக்கப் போறியா?"

"நாளைக்குக் காலைல."

"கிழிச்சிப் போடு. எழுத்துல பொய் எழுதாத."

"இதுல என்னக்கா பொய்?"

அவள் மெஷின் மேலிருந்த துணியை மடித்தாள். பிறகு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூலைக் கல்லுல இருந்து ஆறு சங்கிலி, நாப்பத்திரெண்டு கண்ணி. வடக்குக் கல்லுல இருந்து நாலு சங்கிலி, பதினேழு கண்ணி."

தையல்காரி பேசுகிற பேச்சா அது. இன்ச்சும் அடியும் தவிர வேறு அளவு தெரியாதவள். சங்கிலி, அதில் நூற்றில் ஒரு பங்கான கண்ணி என்றெல்லாம் பேசுகிற ஆள் அவர்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

சர்வேயரின் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. பிளவுஸ் அளவு வெட்டுகிற காக்கித் தாளை விரித்தார், அவளுடைய சாக்பீஸையும் ஸ்கேலையும் எடுத்தார், மூலைக் கல்லைக் குறித்தார், வடக்குக் கல்லைக் குறித்தார். இரண்டு கல்லிலிருந்தும் அளவு இருந்தால் போதும். இரண்டு வளைவும் வெட்டுகிற இடம்தான் கல். பட்டறைப் பக்கம் ஒரு வெட்டு விழுந்தது, அது பட்டறைக்காரரின் படுக்கையறைக்குள், அதை விட்டுவிடலாம். காட்டுப் பக்கத்து வெட்டு, காட்டின் ஓரத்தில், சரியாக எல்லை வளைய வேண்டிய இடத்தில் விழுந்தது. அங்கிருந்து கோடு இழுத்தார். பள்ளமும் அத்திமரமும் மேடும் காட்டுக்குள் பத்திரமாக இருந்தன. தள்ளியே இருந்தன; பட்டறைக்காரர் கொட்டகை போட்டாலும் மரத்தின் நிழல்கூட அதன்மேல் விழாது.

காலையில் பட்டறைக்காரரைக் கூட்டிப்போய் இரண்டு கல்லிலிருந்தும் அவர் கையாலேயே டேப் பிடிக்க வைக்கலாம். இரண்டு அளவும் சேரும் இடத்தில் மண் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் தோண்டப்பட்டதா என்று கடப்பாரை சொல்லிவிடும். அந்த மனிதர் வாக்கு மாற மாட்டார். சர்வேயருக்கு நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. பசிகூட எடுத்தது.

"இத யார்க்கா சொன்னா உனக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கற."

"அப்பா அன்னைக்குக் காட்டுக்கு வந்தாரா?"

அக்கா இந்த முறை மழுப்பவில்லை. நாற்பத்தைந்து வருடமாக அடைத்து வைத்திருந்தது மளமளவென்று வந்தது. மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று அந்தக் கல்லை இடித்துச் சாய்த்து இரண்டு வருடமாகக் கீழேதான் கிடந்ததாம். அப்பா ஆபீசில் மூன்று தடவை எழுதிப் போட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை. தம்பி காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்து எழுந்திருந்த நேரம். காட்டில் விளையாடிய பிள்ளைகள் எந்த விளையாட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை, நோஞ்சான் என்று பேர் வைத்திருந்தார்கள். அவனோ வீட்டுக்கு வந்து, சாய்ந்து உட்காரக் கல் மட்டும் கிடைத்தால் நான்தான் ராஜா என்று அழுதிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆபீஸ் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து முதலில் அளந்திருக்கிறார். இரண்டு அளவையும் அக்காவிடம் சொல்லி, தாளில் எழுதாதே, மனதில் வை என்று பத்து முறை ஒப்பிக்க வைத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் கல்லைத் தொட்டிருக்கிறார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம திருப்பி வச்சிடலாம்னுதான் சொன்னாரு. நீ தெனமும் போயி அதுல சாஞ்சி ஒக்காந்துகிட்ட. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னு தள்ளித் தள்ளி அது அங்கேயே நின்னு போச்சு. சங்கிலிக்காரரே எல்லைக் கல்ல நகத்தினாருன்னு தெரிஞ்சா வேல போயிடும்ல. யார்கிட்டயும் மூச்சு விடாதன்னாரு. உன்கிட்டயும்தான்."

"என்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"

அக்கா ஊசி மெத்தையைப் பக்கத்தில் இழுத்தாள். ஒரு குண்டூசியை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். சர்வேயர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. மனைவியிடம் சொன்னது, பிள்ளைகளிடம் சொன்னது, ஆபீஸ் அறிக்கையில் எழுதியது எல்லாம் அதில்தான் நின்றது.

"கயிறக் கட்டி நான்தானக்கா இழுத்தேன்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையெல்லாம் செவந்து போச்சு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஊசியை மெத்தையில் திருப்பிக் குத்தினாள்.

"இல்லடா. நீ இழுக்கல. முன்னாடி நீ கயிற வச்சிகிட்டு மூச்சுப் பிடிச்சி நடந்த. பின்னாடி அப்பா கல்ல தள்ளுவண்டில வச்சித் தள்ளிகிட்டு வந்தாரு. திரும்பிப் பாக்காதன்னு நான் உன் பக்கத்துலயே வந்தேன். மேடு ஏறற வரைக்கும் உன் கயிறு தொங்கிகிட்டுத்தான் இருந்துச்சு."